பாச்சை உருண்டை வாசனை

உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்தால் என்ன வாசனை வரும்? எங்கள் சிங்கப்பூர் வீட்டில் எதுவும் வராது. அம்மா அதில் அவ்வளவு கண்டிப்பு. சின்ன வயதில் கீழ்வீட்டு அத்தை தன் மகளுக்குச் சின்னதாகிவிட்ட பட்டுப்பாவாடை ஒன்றை எனக்குக் கொடுத்தார். அதை மூன்று நாள் வெளி வராந்தாவில் தொங்கவிட்ட பிறகுதான் அம்மா வீட்டுக்குள் சேர்த்தார். பாச்சை உருண்டை வாசனை போக வேண்டுமாம். தமிழ்நாட்டில் இதை அந்துருண்டை என்றும் சொல்வார்கள். வெள்ளையாக, கற்கண்டு போல, மூக்கைத் துளைக்குமே, அதுதான்.

அம்மாவின் கண்டிப்புக்குக் காரணம் என் தம்பி. சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து ஜி6பிடி பரிசோதனை செய்யும் வழக்கம் 1965-லேயே தொடங்கிவிட்டது. ஜி6பிடி என்பது நம் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி. தம்பிக்கு அது குறைவு. அதனால் அவன் நோயாளி இல்லை. பந்து விளையாடுகிறான், பரோட்டா தின்கிறான், தேசிய சேவைக்கும் போய் வந்தான். ஆனால் சில மருந்துகளும் ஃபாவா பீன்ஸும் பாச்சை உருண்டையும் அவன் பக்கத்தில் வரக்கூடாது. பாச்சை உருண்டையில் உள்ள நாப்தலீன் அவனைப் போன்றவர்களின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பெரியவர்களை விடப் பச்சைக் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். மஞ்சள்காமாலை கடுமையாக வந்து மூளை வரைக்கும் பாதிக்கலாம்.

இதெல்லாம் எனக்குப் பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடம். ஆனால் தெரிந்த ஒன்றைச் சொல்லவே முடியாமல் ஒரு வாரம் முழுவதும் துணி துவைத்துக்கொண்டு நிற்பேன் என்று நான் நினைத்ததில்லை. அது நடந்தது போன ஆடி மாதம், தன்லியினில்.

தன்லியின் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: யாங்கூனிலிருந்து பகோ ஆற்றைத் தாண்டினால் தன்லியின். பழைய பெயர் சிரியம். போர்த்துக்கீசியன் டி பிரிட்டோ கோட்டை கட்டி ஆண்ட ஊர். பிறகு வெள்ளைக்காரன் காலத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வந்தது. சுற்றிலும் வயல். அந்த வயலுக்கும் ஆலைக்கும் வேலைக்கு வந்தவர்களின் வாரிசுகள்தான் அங்குள்ள தமிழர்களில் பலர். பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலை எங்கள் வீட்டில் யாரும் முகவரியாகச் சொல்வதில்லை, சாமியாகத்தான் சொல்வார்கள். 1993-ல் ஆற்றுப் பாலம் திறக்கும் வரை யாங்கூன் போகப் படகுதான் என்று அம்மா இன்னும் கதை சொல்வார்.

அங்கே என் அம்மாச்சி இருக்கிறார், அம்மாவின் அம்மா. வயது எண்பதைத் தொடுகிறது. பெரியம்மாவும் பெரியம்மா மகளான என் அக்காவும் அதே வீட்டில்தான். அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் நான் போய் இறங்கினேன். பதினாறாம் நாள் தொட்டில் போடுவது. நடுவில் ஏழு நாள் இருந்தது.

முதலில் என் துணிப்பாட்டைச் சொல்கிறேன், கொஞ்சம் சிரித்துக்கொள்ளுங்கள்.

யாங்கூன் பக்கம் ஓர் ஆண்டில் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை பெய்யும். சென்னையில் பெய்வதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதுவும் பெரும்பாலும் மே முதல் அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். நான் இதைப் படித்துவிட்டுத் தயாராகத்தான் போனேன். பெட்டியில் ஈரம் உறிஞ்சும் டப்பா ஆறு. உள்ளே கால்சியம் குளோரைடு என்ற வெள்ளை உப்பு இருக்கும், காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துத் தண்ணீராக மாறும். சிங்கப்பூர் வீட்டு அலமாரியில் ஒரு டப்பா நிரம்ப வாரக்கணக்கில் ஆகும். அம்மாச்சியின் மர பீரோவில் மூன்றே நாளில் தளும்பியது. பீரோ கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும். அந்த இடைவெளி வழியாக ஊரின் மழைக்காற்றையெல்லாம் என் ஆறு டப்பாவும் குடித்துக்கொண்டிருந்தன. நான்காம் நாள் ஒன்று கவிழ்ந்து என் ஜீன்ஸில் கொட்டியது. அந்தத் தண்ணீர் காயவே காயாது, தெரியுமா? உப்பு துணியில் தங்கிக் காற்றிலிருந்து மறுபடி மறுபடி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நன்றாக அலசினால்தான் போகும்.

அடுத்தது கம்பி ஹேங்கர். ஈரச் சட்டையை மாட்டினேன். மறுநாள் இரண்டு தோளிலும் துருக் கறை. பிளீச் போடப் போன என் கையைப் பெரியம்மா தட்டிவிட்டார். துருவில் பிளீச் பட்டால் கறை இன்னும் அழுந்திவிடும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைக்க வேண்டும் என்றார். வெயிலுக்கு எங்கே போவது?

கொடியில் துணி போடுவதற்கும் ஒரு சட்டம் உண்டு. அங்கே ஆண்கள் கட்டும் லுங்கி பசோ, பெண்கள் கட்டுவது தமெய்ன். ஆண்கள் நடக்கும் வழியில் தலைக்கு மேல் தமெய்ன் தொங்கக்கூடாது என்பது பர்மிய வழக்கம். விவரம் தெரியாமல் என்னுடையதை முன்வாசல் கொடியில் போட்டேன். பக்கத்து வீட்டுப் பர்மியப் பாட்டி வந்து ஒன்றும் பேசாமல் எடுத்துப் பின்கட்டுத் தாழ்வான கொடியில் போட்டுவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்தது. அக்கா சிரித்தாள். "நம்ம வீட்லயும் பாவாடையை முன்னாடி காயப்போட்டா அம்மாச்சி விடுமா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சிரிப்புப் பகுதி இத்துடன் முடிந்தது.

நான் போன அன்று மாலை அம்மாச்சி கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தார். மூடியைத் திறந்ததும் அந்த வாசனை கூடம் முழுக்கப் பரவியது. மேலே கஞ்சி போட்டு மடித்த தாத்தாவின் வேட்டிகள். அடியில் ஒரு மதுரைச் சுங்குடிச் சேலை, அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள். மடிப்புக்கு மடிப்பு பாச்சை உருண்டை.

அது அம்மாச்சியின் அக்காவுடைய சேலை. 1964-ல் பர்மாவில் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு நம்மவர்கள் லட்சக்கணக்கில் கப்பலேறினார்கள். சென்னை பர்மா பஜார் அப்படி வந்தவர்களால் உண்டானதுதான். அம்மாச்சியின் அக்கா 1965-ல் போனார். "நான் திரும்பி வந்து கட்டிக்கிறேன்" என்று சேலையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. அந்தச் சேலையில்தான் பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் அக்காவுக்கும் தொட்டில் கட்டியிருக்கிறார்கள்.

"இதுலதான் இவனுக்கும் கட்டணும்," என்று அம்மாச்சி சேலையை மடியில் வைத்துத் தடவினார்.

எனக்கு நெஞ்சு படபடத்தது. தம்பிக்கு உள்ள குறை தாய்வழியாக வருவது. பெண்கள் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் சுமப்பார்கள், ஆண் குழந்தைகளில்தான் வெளிப்படும். அம்மாவிடமிருந்து தம்பிக்கு வந்தது என்றால், அம்மாவுக்கு அம்மாச்சியிடமிருந்து வந்திருக்கலாம். பெரியம்மாவுக்கும் அக்காவுக்கும் போயிருக்கலாம். இந்தக் குழந்தைக்கும் இருக்கலாம். அங்கே யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. மலேரியா அதிகமாக இருந்த நாடுகளில் இந்தக் குறை பரவலாக உண்டு, மியன்மாரும் அவற்றில் ஒன்று.

உடனே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. ஃபோன் போட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

"பெரியம்மாவுக்கும் எனக்கும் நடுவுல ஒரு ஆம்பளப் புள்ள இருந்துச்சு. மஞ்சக்காமாலையில போயிருச்சு, இருபது நாள்கூட ஆகல. அதே சேலையிலதான் தொட்டில். சேலையைக் கட்டவிடாதே. ஆனா ஏன்னு அவங்ககிட்ட சொல்லாதே."

புரிகிறதா? அறுபது வருடம் பத்திரமாக வைத்த சேலையைக் காட்டி, "இந்த வாசனைதான் காரணமாக இருக்கலாம்" என்று ஒரு பாட்டியிடம் எப்படிச் சொல்வது? அதுவும் உறுதி இல்லாத ஒன்றை. பச்சைக் குழந்தைக்குக் காமாலை வர எத்தனையோ காரணம் உண்டு. அன்று என்ன நடந்தது என்று இன்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.

அக்காவிடம் மட்டும் தனியாகச் சொன்னேன். அவள் வெளிறிப்போனாள். குழந்தையை உள்ளறைக்கு மாற்றினோம். பெட்டியைப் பின்கட்டுக்குத் தள்ளினோம். அம்மாச்சியிடம், "சேலை பழசு வாடை அடிக்குது அம்மாச்சி, நான் துவைச்சுத் தரேன்" என்றேன். பதினாறாம் நாளுக்குள் வாசனையைப் போக்கிவிட்டால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். அதுதான் என் திட்டம்.

முதல் நாள் சோப்புப் போட்டு அலசினேன். வாசனை போகவில்லை. இரண்டாம் நாள் மறுபடி அலசினேன். போகவில்லை. அப்புறம்தான் மரமண்டைக்கு உறைத்தது, நாப்தலீன் தண்ணீரில் கரையாது. அது ஆவியாகித்தான் போக வேண்டும். பாச்சை உருண்டை நாளாக நாளாகச் சிறுத்துக் காணாமல் போவது அதனால்தான். காற்றும் சூடும் இருந்தால் வேகமாகப் போகும். ஆடி மாதத் தன்லியினில் காற்று ஈரம், சூடு கிடையாது.

மூன்றாம் நாள் கூடுதலாக ஒரு நாற்றம் சேர்ந்தது, ஈரத்துணி முடைநாற்றம். காயாத துணியில் வரும் இந்த வாடைக்கு மொராக்செல்லா என்ற பாக்டீரியா முக்கியக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-ல் கண்டுபிடித்தார்கள். அதை விரட்டவும் சூடுதான் வேண்டும். மின்விசிறிக்கு முன்னால் சேலையை விரித்தேன். கரண்ட் போய்விட்டது. வந்தபோது நள்ளிரவு. எழுந்து போய் விசிறியைப் போட்டுவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாம் நாள் தெருமுனைச் சலவைக்கடைக்குக் கொண்டு போனேன். கரி போடும் இஸ்திரிப் பெட்டி. கடைக்காரர் தேய்க்கத் தேய்க்கச் சேலையிலிருந்து அந்த வாசனை குப்பென்று கிளம்பியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மன்னிப்புக் கேட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஆறாம் நாள் பத்து மணிக்கு வெயில் வந்தது. தெருவே பரபரத்தது. வீட்டுக்கு வீடு தலையணை, போர்வை, பள்ளிக்கூடப் பச்சை லுங்கி எல்லாம் வெளியே வந்தன. ஐந்தரை மீட்டர் சேலையை நானும் பர்மியப் பாட்டியும் ஆளுக்கொரு முனை பிடித்து வேலி மேல் விரித்தோம். அம்மாச்சி திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு மணிக்கு மேகம் மூடும் முன் சுருட்டி எடுத்தோம். முகர்ந்தேன். ரொம்பக் கொஞ்சம், ஆனாலும் இருந்தது.

"ஏத்தா, இங்க வா," என்றார் அம்மாச்சி.

போய் உட்கார்ந்தேன்.

"உன் தம்பிக்குப் பாச்சை உருண்டை ஆகாதுன்னு உங்கம்மா அப்பவே ஃபோன்ல சொன்னா. எதனால ஆகாதாம்?"

பொய் சொல்ல வரவில்லை. "ரத்தத்துக்கு ஆகாது அம்மாச்சி. எல்லாருக்கும் இல்ல, சில பேருக்குத்தான்."

"ஆம்பளப் புள்ளைகளுக்கா?"

"பெரும்பாலும்."

அவர் சேலையின் முந்தியை விரலில் சுற்றிக்கொண்டார். நான் அவசரமாகச் சொன்னேன். "பச்சப் புள்ளைக்குக் காமாலை வர நூறு காரணம் இருக்கு அம்மாச்சி. எதனாலன்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்தக் காலத்துல டாக்டருக்கே தெரியாது."

"நான் ஒண்ணும் கேக்கலையே," என்றார் அம்மாச்சி.

அன்று இரவு கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் பின்கட்டில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அம்மாச்சி பெட்டி முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு வேட்டியாக விரித்து, உருண்டைகளைப் பொறுக்கிப் பழைய பால்மாவு டின்னில் போட்டுக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து வேட்டிகளை உதறி மடித்துக் கொடுத்தேன். அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. கடைசியில் டின் மூடியை அழுத்தி மூடி என்னிடம் நீட்டினார். "புள்ளைங்க கைக்கு எட்டாத எடமாப் பார்த்துப் போட்டுரு" என்றார்.

பதினாறாம் நாள் பெரியம்மாவின் நன்றாகத் துவைத்த பருத்தி லுங்கியில் தொட்டில் கட்டினார்கள். எடுத்துக் கொடுத்தது அம்மாச்சிதான். "சுங்குடி?" என்று யாரோ கேட்டார்கள். "அது அடுத்த புள்ளைக்கு. இன்னும் வெயில் பார்க்கணும்," என்றார்.

நான் சிங்கப்பூர் திரும்பிய சில வாரம் கழித்துக் குழந்தைக்கு இரத்தப் பரிசோதனை செய்தார்கள். குறைபாடு இல்லை. அக்கா ஃபோனில் அழுதாள், நானும் அழுதேன். ஒரு வாரம் வீணாகத் துவைத்தோமா என்றால், இல்லை. தெரியாதபோது செய்ய வேண்டியதைத்தான் செய்தோம். அந்த மாமா எப்படிப் போனார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாமலே இருக்கும். அதற்குப் பரிசோதனை கிடையாது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். அதனால் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். துணிப் பூச்சியின் புழு தின்பது கம்பளியும் பட்டும்தான், சுத்தமான பருத்தியை அது சீண்டாது. அதனால் பருத்தி வேட்டிக்கும் சேலைக்கும் பாச்சை உருண்டையால் பெரிய பயன் இல்லை. பருத்தியைக் கெடுப்பது பூஞ்சணமும் ராமபாணப் பூச்சியும். இரண்டுக்கும் கஞ்சி விருந்து மாதிரி. எனவே நெடுநாள் வைக்கும் துணியைக் கஞ்சி போக அலசி, எலும்பு காயக் காயவைத்து, பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள். மழை விட்டதும் எடுத்து உதறி மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் இழை அறுந்துவிடும். பெட்டியிலிருந்து எடுத்த துணியைப் பச்சைக் குழந்தைக்குப் போடும் முன் நன்றாக வெயிலும் காற்றும் காட்டுங்கள். வாசனை இருக்கும் வரை போட வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008 முதல் நாப்தலீன் உருண்டைகளை விற்பதே இல்லை. நம் பெட்டிகளில் மட்டும் இன்னும் உருண்டுகொண்டிருக்கின்றன.

இதைப் பாட்டியிடம் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். அவர்கள் அந்த உருண்டையை வைத்தது எதையோ காப்பாற்றத்தான்.

போன வாரம் அம்மாச்சி ஃபோனில் வந்தார். பெட்டியில் ராமபாணம் வந்துவிட்டதாம், தாத்தா வேட்டி ஒன்றில் ஓட்டையாம். கஞ்சி போக அலசவில்லையா என்று கேட்டேன். "எல்லாம் உன்னாலதான்" என்று பத்து நிமிடம் திட்டினார். வைக்கும் முன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வரும்போது அந்த உப்பு டப்பா ரெண்டு வாங்கிட்டு வா. பீரோக் கதவை ஆசாரியைக் கூப்பிட்டுச் சரி பண்ணிட்டேன்."